ஏலக்காய் ஸ்டோரில் இரண்டு மணிப் பாட்டு

போன மாதம் போடியிலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண். நர்சிங் படிக்கிறாள் போல, வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள். இரண்டு காதிலும் எதையோ செருகியிருந்தாள். அதையும் மீறிப் பாட்டு வெளியே கசிந்தது. முழுப் பாட்டு இல்லை. டிரம் சத்தமும், நடுநடுவே தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு கிடாரும்தான் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வீட்டில் கேஸை அணைத்தேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். (பஸ் ஏறினால் இதைத்தான் யோசிப்பேன். அடுப்பே பற்றவைக்காத நாளிலும் யோசிப்பேன்.) கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் காதிலிருந்து ஒன்றைக் கழற்றிவிட்டு என் கையைப் பார்த்தாள்.

“ஏம்மா, கை நடுங்குதே. பிரஷர் மாத்திர போட்டீகளா?”

குனிந்து பார்த்தால், என் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேலை மடிப்பிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கி இடமும் வலமுமாகப் போட்டுக்கொண்டிருந்தன. தாளம் தப்பாமல்.

“போட்டேன்த்தா” என்றேன். வேறென்ன சொல்ல? இது நடுக்கம் இல்லை, ஏலக்காய் பொறுக்குகிறேன், உன் காதில் ஓடுகிற பாட்டுக்குப் பொறுக்குகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொல்லியிருக்கும். அவளிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். அம்மா ஜீப்பில் மலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் இறங்கும்போது விழுந்து இடுப்பில் அடி. தண்ணீர் பிடிக்க, சோறு பொங்க வீட்டில் ஆள் வேண்டுமே என்று ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. டீச்சர் வீட்டுக்கே வந்து, “இவளுக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கு, கெடுத்துராதீக” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்து கெடவில்லை. அது கெட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிறகு கல்யாணம், ஒரு பெண் குழந்தை, அப்புறம் போடியில் ஏலக்காய் ஸ்டோர் வேலை. ஸ்டோர் என்றால் கடை இல்லை. மலையில் காயவைத்து மூட்டையாக வரும் காயைத் தரம் பிரிக்கிற இடம். சல்லடையில் விட்டுப் பெரிது சிறிது பிரித்த பிறகு எங்கள் முன்னால் கொட்டுவார்கள். நீளமான கூடம், தரையில் இரண்டு வரிசை, மொத்தம் முப்பத்தெட்டுப் பெண்கள், ஆளுக்கு ஒரு சொளகு, அதாவது முறம். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், பூச்சி துளைத்தது தனி. கேட்க லேசாகத்தான் இருக்கும். காலையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆனதும் எல்லாப் பச்சையும் ஒரே பச்சையாகிவிடும். ஒரு வெளுத்த காய் பச்சையோடு போய்விட்டதோ என்று மனசு அடித்துக்கொள்ளும். எனக்கு மட்டும்தான் அடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் நிம்மதியாகப் பொறுக்கினார்கள். நான் பொறுக்கி முடித்த குவியலை மறுபடி கலைத்துப் பார்ப்பேன். மேஸ்திரி என்னைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்.

வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் தலைவலிக்கும். அதற்குப் பிறகு நமக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத்தான் தெரியும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் திரும்பிப் பார்க்காமலே “ஸ்டோரு ஆளுக ஏறியாச்சு” என்பார். பெண்ணின் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தால் நோட்டும் மணக்கும். அவள் டீச்சர் அதை மோந்து பார்த்துவிட்டு, “ஒங்கம்மா பாயாசத்துல முக்கி எடுத்தாகளா?” என்று கேட்டாராம்.

கூடத்தில் ஒரு ரேடியோ இருந்தது. முதலாளி வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியது. ஜன்னல் மேடையில் வைத்து, ஏரியல் உடைந்த இடத்தில் ஒரு கம்பியைக் கட்டி, அந்தக் கம்பியை ஓட்டைச் சல்லடை ஒன்றில் முடிந்து ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தார்கள். அப்படியும் இரையும். பேச்சியம்மா அத்தை ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தால் மட்டும் இரைச்சல் நின்று பாட்டு தெளிவாகும். இது எப்படி என்று எனக்குத் தெரியாது, சத்தியமாக நடந்தது. அத்தை நல்ல கனமான உடம்பு, எங்களில் மூத்தவள். அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் ரேடியோவும் எழுந்து போய்விடும். “அயித்தே, பாட்டு முடியட்டும், பெறகு போ” என்று கெஞ்சுவோம். “எனக்கு ஒண்ணுக்கு வருதுடி, ஒனக்குப் பாட்டா?” என்பாள்.

அப்போது தேனிக்கும் போடிக்கும் நடுவில் ஒரு கல்லூரி சின்னதாக ஒரு ரேடியோ ஸ்டேஷன் நடத்தியது. பெயர் வேண்டாம். இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாடியில் ஒரு கம்பம், ஒரு அறை, அவ்வளவுதான் ஸ்டேஷன். இந்தப் பக்கம் முந்தல் தாண்டி மலை ஏறினால் சத்தம் போய்விடும், அந்தப் பக்கம் தேனி பஸ் ஸ்டாண்டோடு சரி. கூடலூர்க்காரர்களுக்கோ கடமலைக்குண்டுக்காரர்களுக்கோ அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. காலையில் விவசாயம், பத்து மணிக்கு வைத்தியம், அப்புறம் சினிமாப் பாட்டு. மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை ராக். ஆமாம், இங்கிலீஷ் ராக் பாட்டு. போடியில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

முதல் நாள் அது வந்தபோது எல்லோருக்கும் பயம்தான். “ரேடியோவுக்குள்ள எலி பூந்துருச்சுடி” என்றாள் மும்தாஜ். இந்த மும்தாஜ் கம்பம் ஊர்க்காரி, போடியில் வாக்கப்பட்டவள், எனக்குப் பக்கத்துச் சொளகு. அவள் வாயிலிருந்து தப்பித்தவர் யாரும் இல்லை, முதலாளியும் சேர்த்து. மேஸ்திரி எழுந்து நிறுத்தப் போனார். போனவர் பாதியில் நின்று வரிசையைப் பார்த்தார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை, விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. சினிமாப் பாட்டு என்றால் கூடவே பாடுவோம், சோகப் பாட்டு என்றால் கதை பேசுவோம், சில பேர் அழவும் செய்வார்கள். அந்த நேரமெல்லாம் கை நின்றுவிடும். இதில் கூடப் பாட ஒரு வார்த்தை புரியவில்லை. அழவும் வழியில்லை. டிரம் போகிற போக்கில் கை போனது. சாப்பிட்ட தூக்கமும் ஓடிப்போனது. மேஸ்திரி திரும்பி வந்து உட்கார்ந்து, “இருக்கட்டும், காய் நல்லா வருது” என்றார். அன்றிலிருந்து அது எங்கள் ஸ்டோரின் நேரமாகிவிட்டது.

அதை நடத்தியவர் பெயர் ஜெயசீலன். நாங்கள் முகம் பார்த்ததில்லை. கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் வேலை, தேனியில் சர்ச்சில் கிடார் வாசிப்பவர், பாட்டெல்லாம் தன் சொந்த சிடி. இதெல்லாம் அவரே பேச்சுவாக்கில் சொன்னது. மற்ற அறிவிப்பாளர்கள் போலப் பேசமாட்டார். “சாப்பிட்டீகளா? தூக்கம் வருதா? வரட்டும், எந்திரிக்க வச்சுருவோம்” என்று ஆரம்பிப்பார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது என்ன என்று சொல்வார்.

“இப்பப் பாடப்போறவரு ரொம்பக் கோவமா இருக்காரு. எதுக்குன்னு பாட்டு முடியிற வரைக்கும் சொல்ல மாட்டாரு. அவருக்கே தெரியாதுன்னு நெனைக்கிறேன். கேளுங்க.”

இன்னொரு நாள்: “இந்தப் பாட்டுல ஒருத்தரு ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு. ஏழு நிமிசம். நம்ம போடி ரயிலுக்கு நம்ம காத்துக் கெடக்குறதப் பாத்தா இதெல்லாம் ஒரு காத்திருப்பா?” அப்போது அகலப் பாதை போடுகிறோம் என்று போடித் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். கூடமே சிரித்தது.

பாட்டின் பெயர் எங்களுக்கு வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்தோம். ரயில் பாட்டு. கோவக்காரன் பாட்டு. பேய் ஓட்டுகிற பாட்டு. ஒருவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு நீளமாக இழுத்து இழுத்துக் கத்துவார். அதைக் கேட்டதும் பேச்சியம்மா அத்தை, “இவனுக்கு வயித்துக்குள்ள என்னமோ இருக்குடி, ஓமத்தண்ணி குடுத்தாச் சரியாயிரும்” என்றாள். அது வயிற்றுவலிப் பாட்டு. அத்தைக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. அந்தப் பாட்டு வந்தால் மட்டும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். “பாவம், இன்னும் சரியாகல” என்பாள்.

எனக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என் மனசு சும்மா இருக்காது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பிள்ளை ரோட்டைக் கடந்திருப்பாளா, அம்மா வழுக்கி விழுந்திருப்பாளா, கதவைப் பூட்டினேனா, காய் மாறிப்போச்சா என்று ஒன்று முடிந்தால் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கிடார் சத்தத்தில் மட்டும் அது கேட்கவில்லை. என் மனசைவிடச் சத்தமாக ஒன்று போடியில் அது ஒன்றுதான் இருந்தது. மூன்று மணி அடித்ததும் எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஒரு திங்கட்கிழமை ஜெயசீலன் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

“ஒரு விசயம் சொல்லணும். இந்த நேரத்த யாரும் கேக்குறதில்லன்னு இங்க சொல்றாக. வெள்ளிக்கெழம மீட்டிங் போட்டிருக்காக. இந்த நேரத்துல போட்டித் தேர்வுக்குப் பாடம் நடத்தலாம்னு யோசன. நல்ல விசயம்தான், நான் குத்தம் சொல்லல. எனக்கு இது போச்சுன்னா திரும்பப் போயி பீக்கர் கழுவணும், அம்புட்டுத்தான். கேக்குற ஆளுக இருந்தா ஒரு கார்டு போடுங்க. போன் வேணாம், போனத் தூக்கி மேசையில வச்சுக் காட்ட முடியாது. பத்துக் கார்டு வந்தாப் போதும்.”

அப்புறம் பாட்டைப் போட்டுவிட்டார். யாரும் பொறுக்கவில்லை. மேஸ்திரிகூட விரட்டவில்லை.

“பத்து என்னடி பத்து” என்றாள் மும்தாஜ். “நம்ம முப்பத்தெட்டுப் பேரு எதுக்கு இருக்கோம், காயப் பாத்து மூக்க உறிஞ்சவா?”

மறுநாள் அவளே தபாலாபீஸில் கார்டு வாங்கி வந்தாள். எழுதுவது யார் என்ற பேச்சே எழவில்லை. ஸ்டோரில் எழுத்து என்றால் நான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கிற மனு, பேங்க் பாரம், பிள்ளைகளின் லீவு லெட்டர், ஒருத்திக்கு விவாகரத்து வக்கீலுக்கு விவரம்கூட நான்தான் எழுதினேன். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, “எழுத்துக்காரி” என்பார்கள். எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஆனாலும் ஒரு காகிதம் வெளியே போவது என்றால் அது என் கையால் போக வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க எழுதினேன். ஒவ்வொருத்தியாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்வாள், நான் எழுதுவேன். ஒருத்தி, “எம் மகன் பேரையும் போட்டுக்க, அவன் இல்லன்னு கோவிச்சுக்குவான்” என்றாள். ஒருத்தி, “அப்படியே எங்க தெருவுல பத்து நாளா தண்ணி வரலன்னு ஒரு வரி சேத்துரு” என்றாள். சேர்த்தேன். எல்லாம் ஒன்றுபோல் இருக்கக்கூடாது என்று எனக்குக் கவலை. அதனால் ஒன்றில் ‘ஐயா’ என்று ஆரம்பித்தேன், ஒன்றில் ‘மதிப்பிற்குரிய’, ஒன்றில் ‘அன்புள்ள அண்ணன்’. மை சிந்திய இரண்டு கார்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். அசிங்கமாகப் போய்விடக்கூடாதே.

பேச்சியம்மா அத்தை தன் கார்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மேஸ்திரிகிட்ட மை டப்பா இருக்கு. நான் கைநாட்டு வச்சுர்றேன்” என்றாள்.

நான் தடுத்தேன். “வேணாம் அயித்தே. ரேடியோக்காரவுகளுக்குப் போற காயிதம். கைநாட்டப் பாத்தா என்ன நெனைப்பாக? எழுதப் படிக்கத் தெரியாதவுக இங்கிலீஷ் பாட்டு கேக்குறாகளாம்னு சிரிக்க மாட்டாகளா?”

அத்தை தன் பெருவிரலைப் பார்த்தாள். ஏலக்காய்ச் சாயம் ஏறி நகம் பழுத்திருந்தது. “அப்படியா? அப்ப நீயே போட்டுரு” என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். நான் அழகாக ‘பேச்சியம்மாள்’ என்று கையெழுத்துப் போட்டேன். அத்தைக்குப் போட்டதும் மற்றவர்களுக்கும் அதே முறைதானே. மும்தாஜுக்கு நன்றாகவே எழுத வரும். அவளும், “ஒன் எழுத்துக்குக் கீழ நான் போட்டா கோழி கெளறுனாப்ல இருக்கும், நீயே போடு” என்று சொல்லிவிட்டாள். முப்பத்தெட்டுக் கையெழுத்தையும் நானே போட்டேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பெட்டியில் மொத்தமாகப் போட்டோம்.

அதன் பிறகு நான் கவலைப்பட்ட விஷயங்களை வரிசையாகச் சொல்கிறேன். முகவரி சரியா. பின்கோடு சரியா. பெட்டியில் தண்ணீர் இறங்குமா. தபால்காரர் லீவா. வெள்ளிக்கிழமைக்குள் போகுமா. தண்ணீர் வராத விஷயத்தைப் பார்த்துக் கோபப்படுவார்களா. கையெழுத்தைப் பற்றி மட்டும் நான் ஒரு நிமிஷம்கூடக் கவலைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஜெயசீலன் குரலே மாறியிருந்தது. “பத்துக் கேட்டேன். முப்பத்தெட்டு வந்திருக்கு. எல்லாம் போடியில இருந்து. கட்டப் பிரிச்சா ரூமே ஏலக்காய் மணக்குது. எங்கன உக்காந்து கேக்குறீகன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது” என்றார். மூன்று பெயர் வாசித்தார். மூன்றாவது, “பேச்சியம்மான்னு ஒருத்தவுக வயித்துவலிக்காரரு பாடுற பாட்டு வேணும்னு கேட்டிருக்காக. எனக்கு எதுன்னு தெரிஞ்சுபோச்சு” என்று சொல்லி, சரியாக அதே பாட்டைப் போட்டார்.

அத்தை அசையவே இல்லை. அசைந்தால் இரைச்சல் வந்துவிடுமே. கண் மட்டும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தது. “என் பேரச் சொன்னான்ல?” என்று பாட்டு முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டாள். “மீட்டிங் நாலு மணிக்கு, நல்லா முடியணும்னு நெனச்சுக்கங்க” என்று சொல்லி அவர் முடித்துக்கொண்டார். நினைத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு வேறு ஒரு குரல், ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் எத்தனை மணி நேரத்தில் நிரப்பும் என்று கேட்டது. ஜெயசீலன் லீவு போலிருக்கிறது என்றோம். செவ்வாயும் குழாய், புதனும் குழாய். “எங்க தெருவுக் கொழாயச் சொல்லுங்கடா” என்றாள் தண்ணீர் வராதவள். யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் மேஸ்திரி எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினார்.

அடுத்த வாரம் மழை. மலை ரோட்டில் மண் சரிந்து மூட்டை வரவில்லை. பன்னிரண்டு மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். மும்தாஜ், “வாங்கடி, நேர்லயே போயிக் கேட்டுருவோம்” என்றாள். எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. போனால் ஏதாவது ஆகிவிடும், போகாவிட்டாலும் ஏதாவது ஆகிவிடும். பேச்சியம்மா அத்தையையும் சேர்த்து ஆறு பேர் பஸ் ஏறினோம்.

ஸ்டேஷனுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பேராசிரியை அம்மா. கடுகடு என்றெல்லாம் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. மூக்கைச் சுருக்கி எங்களைப் பார்த்தார், எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு கட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். எங்கள் கார்டுகள்.

“இதை நீங்களே பாருங்க. முப்பத்தெட்டு கார்டு. ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே நாள் முத்திரை. கமிட்டியில ஒரு தடவை பார்த்ததுமே கேட்டுட்டாங்க, இது யாரை வச்சு எழுதினதுன்னு. அவர் தெரியாதுன்னார். தெரியாதவங்க யார் முப்பத்தெட்டு கார்டு எழுதுவாங்கன்னு கேட்டாங்க. கார்டை மோந்து பாருங்கன்னார், யாரும் பார்க்கலை.”

“நான்தாங்க எழுதுனேன்” என்றேன்.

“அதைத்தானேம்மா அவங்களும் சொன்னாங்க. ஒருத்தரே எழுதினதுன்னு.”

மும்தாஜ்தான் முன்னால் வந்தாள். “எழுதுனவ ஒருத்திதாங்க. கேட்டது நாங்க அம்புட்டுப் பேரும். இந்தா இருக்காகள்ல பேச்சியம்மா. இவுகதான் அந்தப் பாட்டக் கேட்டது. வேணும்னா ஸ்டோருக்கு வந்து எண்ணிப் பாருங்க.”

அந்த அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நம்பிவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இருக்கலாம்மா. நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும். ஆனா அவர் அன்னைக்கே சாவியை மேசையில வச்சுட்டுப் போயிட்டார். லேபுக்கும் வரலை. போன் எடுக்கலை. பொய்க் கார்டு போட்டவன்னு பேர் வாங்கிட்டு இங்க இருக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனார்.”

“எங்க போனாருங்க?”

“தெரியலைம்மா.”

மேசை ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்புக்கு வைத்திருந்த மை டப்பா திறந்திருந்தது. பேச்சியம்மா அத்தை எழுந்தாள். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு கார்டாகப் புரட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் பக்கம் நீட்டி, “எது என்னுது?” என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பெருவிரலை மையில் அழுத்தி, நான் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊதிக் காயவைத்து அந்த அம்மாவின் முன்னால் வைத்தாள்.

அந்தக் கார்டை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு கட்டின் மேலேயே வைத்து ரப்பர் பேண்டைப் போட்டார்.

திரும்பும்போது வராந்தாவில் ஸ்டேஷன் அறையைப் பார்த்தோம். கண்ணாடி வழியாகத்தான். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கவாம். ஒரு நாற்காலி, ஒரு மைக். இவ்வளவு சின்ன இடத்திலிருந்தா அவ்வளவு சத்தம் வந்தது என்று இருந்தது. “கோழிப் பண்ணையில உக்காந்து பேசியிருக்கான் பாவம்” என்றாள் மும்தாஜ். வழக்கமான அவள் குரலாக இல்லை.

பஸ்ஸில் அத்தையிடம் சொன்னேன், “அயித்தே, ஒன்னயக் கைநாட்டு வைக்க விட்டிருந்தா இது நடந்திருக்காது” என்று. அவள் சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டே, “நீ என்னத்தக் கண்ட, விடு” என்றாள். விடு என்று சொன்னால் விடுகிற ஆளா நான்? தேனி சர்ச்சில் போய் விசாரித்தேன். வருவதில்லை என்றார்கள். திருப்பூர் என்றார் ஒருவர், குமுளிப் பக்கம் என்றார் இன்னொருவர். அவர் வீட்டுப் பழைய முகவரிக்கு நாலு பக்கம் எழுதினேன், இந்தத் தடவை எங்களில் எழுதத் தெரிந்தவர்களையெல்லாம் அவரவர் கையாலேயே ஒரு வரி எழுத வைத்து, மற்றவர்களிடம் கைநாட்டு வாங்கி. ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பி வந்தது. அனுப்புநர் முகவரியை நான் முத்து முத்தாக எழுதியிருந்தேன். அதனால் ஒழுங்காக என்னிடமே வந்து சேர்ந்தது. அதையும் ஒரு மழைக்கு ஒழுகின கூரை கொண்டுபோய்விட்டது.

குழாய்ப் பாடமும் ரொம்ப நாள் ஓடவில்லை. ஸ்டேஷனையே மூடிவிட்டார்கள், மாடியிலிருந்த கம்பத்தையும் கழற்றிவிட்டார்கள். எங்கள் ஸ்டோருக்கு ஒரு மிஷின் வந்தது. காயை மேலே கொட்டினால் உள்ளே கேமரா பார்த்துப் பச்சையைத் தனியே, வெளுப்பைத் தனியே ஊதித் தள்ளிவிடும். அதற்கு ரேடியோ வேண்டாம், தூக்கம் வராது, தப்பிப் போச்சோ என்ற கவலையும் கிடையாது. நாலு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். பேச்சியம்மா அத்தை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மும்தாஜ் மகனோடு கம்பத்துக்கே போய்விட்டாள். நான் தேனியில் பெண் வீட்டில் இருக்கிறேன்.

எங்கேயோ அந்த மனிதர் இருக்கிறார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். தான் போட்ட பாட்டை யாரும் கேட்கவில்லை என்றும், போடியில் யாரோ ஒரு பைத்தியக்காரி முப்பத்தெட்டுக் கார்டு எழுதித் தன் பிழைப்பைக் கெடுத்தாள் என்றும் நினைத்துக்கொண்டிருப்பார். இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அவரை மறுபடி கண்டுபிடித்தாலும், யார் யார் கேட்டார்கள் என்று அவர் கேட்டால் நான் சொல்ல வேண்டுமே.

போன வாரம் மும்தாஜ் போன் செய்தாள். இரண்டு பேரும் போனிலேயே, ஜன்னல் பக்க வரிசை, சுவர்ப் பக்க வரிசை என்று பெயர்களைச் சொல்லிப் பார்த்தோம். அவள் விட்டதை நான் சொன்னேன், நான் விட்டதை அவள் சொன்னாள். முப்பத்தொன்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. “மூக்குத்தி போட்டு, வெள்ளச் சேலையா கட்டுவாளே, அவ பேரென்னடி?” என்றாள். எனக்கு முகம் தெரிகிறது, சொளகு தெரிகிறது, பெயர் வரவில்லை. ஏழு பேர் பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. எல்லாப் பெயரும் ஒன்றாக இருந்தது அந்தக் கார்டுகளில்தான். நான்தான் எழுதினேன்.